பட்டறையின் மூன்றாவது கை

மனிதனுக்கு இயற்கை அளித்த கைகள் இரண்டே. ஓர் இரும்புத் துண்டை அராவ வேண்டுமெனில், அரத்தைப் பிடிப்பதற்கே அவ்விரண்டு கைகளும் தேவைப்படுகின்றன. அவ்வாறாயின் இரும்பைப் பிடித்துக்கொள்வது யார்? எளிய இந்த வினாவுக்கு மனித அறிவு கண்ட விடையே, நம் தொழிலாளர்கள் ‘வைஸ்’ என்று வழங்கும் பிடிகருவி. மேசையின் விளிம்பில் அசையாது நின்று, கொடுத்ததைக் கவ்விக்கொண்டு, வேலை முடியும்வரை விடாதிருக்கும் அந்தக் கருவியைப் பட்டறையின் மூன்றாவது கை என்று சொன்னால் மிகையாகாது.

குடும்பங்கள் படிக்கும் இதழில் இரும்புக் கருவியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. நெய்வேலி நகரியத்தில் ஒவ்வோர் ஆண்டும் தொழிலாளர் பலர் பணி ஓய்வு பெறுகின்றனர். பல்லாண்டு வாழ்ந்த குடியிருப்பைக் காலி செய்து, பிறந்த ஊருக்கோ பிள்ளைகள் இருக்கும் நகரத்துக்கோ புறப்படுகின்றனர். சாமான்களை லாரியில் ஏற்றும் வேளையில், கட்டில் ஏறுகிறது, பீரோ ஏறுகிறது, தொலைக்காட்சிப் பெட்டி பத்திரமாகத் துணி சுற்றி ஏறுகிறது. கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் இருந்த கனத்த வைஸ் மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அதற்குப் பெயர் இல்லை, வயது இல்லை, வரலாறு இல்லை. எடை ஒன்றுதான் உண்டு. இன்னும் இரண்டு தலைமுறைகளுக்கு உழைக்க வல்ல கருவி, கிலோக் கணக்கில் விலைபோய் உலைக்குச் செல்கிறது.

நெய்வேலியும் அரத்தின் ஓசையும்

நம் ஊரின் கதையை நாம் அறிவோம். 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை எட்டப்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் துணையுடன் எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து வந்த மாபெரும் சக்கர வாளி இயந்திரங்கள் மண்ணை அள்ளின. வெளியூரிலிருந்து வருவோர் இன்றும் அவ்வியந்திரங்களைக் கண்டு வியந்து நிற்கின்றனர்.

ஆயினும் அந்தப் பெரிய இயந்திரங்களை ஓடச் செய்தது எது? தேய்ந்த ஆணி ஒன்றை மாற்ற வேண்டும். பொருந்தாத மூடி ஒன்றை மயிரிழை அராவிப் பொருத்த வேண்டும். வளைந்த தண்டு ஒன்றை நிமிர்த்த வேண்டும். இவையெல்லாம் பிட்டர் ஒருவர் வைஸின் முன் நின்று, தம் இரு கைகளாலும் செய்த வேலைகள். மலை போன்ற இயந்திரமும் முடிவில் ஒரு சாண் அகலத் தாடைகளுக்கு இடையே வந்துதான் பழுது நீங்குகிறது. அந்த முதல் அனல்மின் நிலையம் தன் பணியை முடித்து 2020இல் மூடப்பட்டது. பெரிய இயந்திரங்களுக்கும் ஓய்வுக் காலம் வந்துவிடுகிறது. நன்றாகப் பேணப்பட்ட வைஸுக்கோ அத்தகைய காலம் எளிதில் வருவதில்லை.

ஒரு பழைய வைஸ் உருவாக்கிய மனிதர்

வைஸைப் பழுது பார்ப்பது அற்பச் செயலன்று என்பதற்கு வரலாற்றில் அழகிய சான்று ஒன்றுண்டு. இங்கிலாந்தில் வூல்விச் என்னும் ஊரில் 1771இல் பிறந்தவர் ஹென்றி மாட்ஸ்லி. அங்கிருந்த அரசு ஆயுதச் சாலையில் சிறுவனாகவே வேலைக்குச் சேர்ந்து, கொல்லுத் தொழிலில் கைதேர்ந்தார். அக்காலத்தில் இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர், எவராலும் எளிதில் திறக்க முடியாத பூட்டு ஒன்றை வடிவமைத்து, அதனைத் திருத்தமாகச் செய்து தரக்கூடிய கைவினைஞரைத் தேடிக்கொண்டிருந்தார். மாட்ஸ்லியின் பெயரைச் சிலர் சொல்ல, அவரை வரவழைத்தார்.

வந்து நின்றவருக்கு வயது பதினெட்டு. ஏழாண்டு பழகுநராக இருந்து முடித்தவரே தேர்ந்த தொழிலாளி என்பது அந்நாளைய வழக்கம். மாட்ஸ்லியோ அந்த முறையில் பயின்றவரல்லர். ‘இவ்விளைஞனைச் சேர்த்தால் மற்றத் தொழிலாளர் ஏற்பார்களா?’ என்று பிராமா தயங்கினார். அப்போது மாட்ஸ்லியின் கண் அங்கிருந்த மேசையொன்றின்மேல் விழுந்தது. அதில் தாடைகள் தேய்ந்து உதவாமற்போன வைஸ் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் தாடைகளுக்குப் புதிய எஃகு வைத்து, பற்கள் வெட்டி, மாலை ஆறு மணிக்குள் செம்மைப்படுத்தித் தந்தால் தம்மை ஏற்பார்களா என்று அவர் கேட்டார். சம்மதம் கிடைத்தது. சட்டையைக் கழற்றி வேலையில் இறங்கினார். எஃகைப் பற்றவைத்தார், அராவினார், பற்கள் வெட்டினார், காய்ச்சிக் கடினமாக்கினார். குறித்த நேரத்துக்குள் பழைய வைஸ் புதியதுபோல் நின்றது. கூடி நின்ற தொழிலாளர்கள் அதைக் கண்டு வாய்திறவாமல் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டனர். இச்செய்தியைச் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் 1863இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார்.

மாட்ஸ்லி பின்னர் அப்பட்டறையின் தலைமைத் தொழிலாளியானார். 1797இல் ஊதிய உயர்வு கேட்டு மறுக்கப்பட்டதால் வெளியேறித் தனிப்பட்டறை கண்டார். திருகுகளைத் துல்லியமாக வெட்டும் லேத்தை அவர் செம்மைப்படுத்தியதே இன்றைய இயந்திரத் தொழிலுக்கு அடிப்படைகளுள் ஒன்று. அவருடைய பட்டறையில் பணிபுரிந்தவர்களுள் ஒருவர் ஜோசப் விட்வொர்த். எந்த ஊரில் செய்த நட்டும் எந்த ஊரில் செய்த போல்ட்டுக்கும் பொருந்துமாறு 1841இல் திருகுப் புரிகளுக்கு ஒரே அளவு வகுத்துத் தந்தவர் அவரே. இத்தனைக்கும் வாயிற்படியாக அமைந்தது, தேய்ந்துபோன ஒரு வைஸை எறிந்துவிடாமல் சீர்செய்த ஒருநாள் உழைப்பு!

திருகின் வலிமை

வைஸின் உறுப்புகள் சிலவே. மேசையோடு பொருந்திய நிலைத்தாடை. முன்னும் பின்னும் நகரும் அசைதாடை. அதனை நகர்த்தும் திருகு. திருகு ஓடும் நட். திருகைச் சுழற்றும் கைப்பிடி. தாடைகளின் முகத்தில் கடின எஃகுத் தகடுகள் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும்.

இத்தனை எளிய அமைப்பு எவ்வாறு யானைப் பிடி பிடிக்கிறது? திருகின் மையத்திலிருந்து 25 செ.மீ. தொலைவில் கைப்பிடியைப் பிடித்து ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால், நம் கை ஏறத்தாழ 157 செ.மீ. தூரம் செல்கிறது. திருகின் புரியிடைவெளி 6 மி.மீ. எனில், அதே சுற்றில் தாடை நகர்வது 6 மி.மீ. மட்டுமே. கை 260 பங்கு தூரம் செல்ல, தாடை ஒரு பங்கு நகர்கிறது. ஆகவே நம் கைவலிமை கணக்கின்படி 260 மடங்காகப் பெருக வேண்டும். உராய்வு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது என்பது உண்மையே. எனினும் எஞ்சிய வலிமையே பன்மடங்கு ஆகும். மேலும் அந்த உராய்வுதான், நாம் கையை எடுத்த பின்பும் திருகு தானே தளர்ந்துவிடாமல் காக்கிறது. வலிமையைத் தின்னும் உராய்வே பிடியையும் தருகிறது என்பது சிந்திக்கத்தக்கது.

வகைகள் பலவுண்டு. கொல்லர் உலைகளில் காணும் கால் வைஸ் மிகப் பழையது. அதன் நீண்ட கால் தரையில் ஊன்றியிருப்பதால், சுத்தியல் அடியின் அதிர்ச்சி தரைக்குச் சென்றுவிடும். தாடைகள் ஒன்றுக்கொன்று இணையாக நகரும் மேசை வைஸ் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. தச்சருக்கு மரம் தழும்பாதபடி பிடிக்கும் அகன்ற தாடை வைஸும், குழாய் வேலைக்குப் பற்களுடைய குழாய் வைஸும் தனித்தனியே உள்ளன.

பழம் வைஸ்களைத் தேடுவோர் சில பெயர்களை மதிப்போடு உச்சரிப்பர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1898இல் ஹாம்ப்டன் சகோதரர் தொடங்கிய நிறுவனத்தின் ‘ரெக்கார்ட்’, ஷிப்லி நகரத்து ‘பார்க்கின்சன்’, அமெரிக்காவின் சிக்காகோவில் 1941இல் செக் நாட்டிலிருந்து குடியேறிய ஹியூ வோகல் தொடங்கிய ‘வில்டன்’ ஆகியன அவற்றுள் சில. நம் நாட்டிலும் பஞ்சாபின் ஜலந்தர், பட்டாலா ஆகிய நகரங்கள் கைக்கருவிகளுக்கும் வார்ப்பு வேலைக்கும் பெயர்பெற்றவை. மேசை வைஸ்களுக்கென ஐ.எஸ். 2586 என்னும் இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. ஆகவே வெளிநாட்டுப் பெயர் பொறித்ததே உயர்ந்தது என மயங்க வேண்டா. நல்ல வார்ப்பும் நேரான திருகும் எங்குச் செய்யப்பட்டாலும் நல்லவையே.

மந்தாரக்குப்பத்துத் தகரக் கொட்டகை

மந்தாரக்குப்பத்தில் ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவரின் கொட்டகையில் ஏழு வைஸ்களைக் கண்டேன். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. பண்ருட்டி, விருத்தாசலம், கடலூர் ஆகிய ஊர்களின் பழைய இரும்புக் கடைகளில் சிறிது சிறிதாக அவர் வாங்கிச் சேர்த்தவை அவை. உலை அணைந்துபோன கொல்லர் ஒருவரின் கால் வைஸும் அவற்றுள் ஒன்று. அதன் உரிமையாளரின் மக்கள் வேறு தொழில் நாடிச் சென்றுவிட்டனராம்.

“இவ்வளவு எதற்கு? ஒன்று போதாதா?” என்று வினவினேன்.

“சாமி, ஒன்றுதான் எனக்கு. மற்ற ஆறும் பையன்களுக்கு” என்றார் அவர்.

மாலை வேளைகளில் அக்கம்பக்கத்து இளைஞர் நால்வர் ஐவர் அங்கு வருகின்றனர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்வோரும் அவர்களுள் உண்டு. அவர் கொடுக்கும் முதல் வேலை, ஓர் இரும்புத் துண்டை நான்கு பக்கமும் செங்கோணமாக அராவுவது. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு வாரங்கள் ஆகும். கை சற்றே ஆடினாலும் பக்கம் வளைந்துவிடும். மட்டப் பலகையை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் குற்றம் தெரிந்துவிடும். அதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, இரும்பே சொல்லிவிடுகிறது. கணினி இயக்கும் இயந்திரங்கள் மலிந்த இந்நாளிலும் பிட்டர் தொழிலுக்கான பயிற்சி வைஸின் முன் நின்று அராவுவதில்தான் தொடங்குகிறது. நேர் எது, கோணல் எது எனக் கை முதலில் அறிந்துகொண்டால்தான் கண்ணும் கருத்தும் அதன்பின் செல்லும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய வைஸை வாங்க விரும்புவோர், முதலில் அதன் வார்ப்பில் விரிசல் உண்டா எனக் காண வேண்டும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். அசைதாடை சறுக்கும் தண்டுப் பகுதி, நட் அமரும் இடம், மேசையில் பொருத்தும் காதுகள் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்குக. வார்ப்பிரும்பை மீண்டும் பற்றவைப்பது கடினம். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் கம்பி கொண்டோ பித்தளை உருக்கியோ பற்றவைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவரே அதனைச் செய்ய இயலும். அத்தகையவர் அருகில் இல்லையெனில் விரிசலுள்ள வைஸை விட்டுவிடுதல் நலம்.

அடுத்து, திருகின் புரிகளைப் பாருங்கள். அவை கத்திபோல் கூராகத் தேய்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது எனக் கொள்க. துருவைக் கண்டு அஞ்ச வேண்டா. துரு பெரும்பாலும் மேல்தோலே. தாடைத் தகடுகள் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. புதியவை செய்து மாட்டலாம். கைப்பிடி வளைந்திருப்பின், முன்னவர் அதில் குழாய் செருகி முறுக்கியிருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. எனவே நட்டையும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

சீர்செய்யும் முறை

இறுகிப்போன வைஸை உடனே சுத்தியலால் அடித்துத் திறக்க முற்படுவது தவறு. மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு, ஓரிரு நாள் பொறுத்திருந்து, சிறிது முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, மீண்டும் எண்ணெய் விட வேண்டும். பொறுமையே இங்குச் சிறந்த கருவி. ஆறு அங்குல வைஸ் இருபது கிலோவுக்குமேல் கனக்கும். ஆதலின் அசைதாடையைக் கழற்றும்போது அது காலில் விழாதபடி கீழே கட்டை வைத்துக்கொள்க.

துருவை நீக்கக் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் போதும். ஆழத் துருவேறியதற்கு மின்பகுப்பு முறை சிறந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, வைஸின் உறுப்பை அதில் மூழ்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனுடன் இணைக்க வேண்டும். நேர்முனையை வெறும் இரும்புத் தகடு ஒன்றுடன் இணைத்து, உறுப்பைத் தொடாதவாறு அதே நீரில் நிறுத்த வேண்டும். சில மணி நேரத்தில் துரு இளகிக் கழன்றுவிடும். இதில் எச்சரிக்கை மூன்று. எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. குரோமிய நச்சு நீரில் கலக்கும். தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், திறந்த வெளியில் நெருப்பு அணுகாமல் செய்ய வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பிகளைக் கழற்ற வேண்டும். வெளியே எடுத்ததும் கழுவி, நன்கு உலர்த்தி, உடனே எண்ணெய் தடவாவிடில் மறுநாளே புதுத்துரு பூக்கும். நம் பகுதியின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றைச் சொல்லவும் வேண்டுமோ!

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனை உலர்ந்தபடி தேய்த்துத் தூளாக்காமல் ஈரமாக்கித் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அண்டவிடலாகாது. புதிய வண்ணம் பூசும்போது, சறுக்கும் பரப்புகளிலும் புரிகளிலும் பூச வேண்டா. வார்ப்பில் எழுந்து நிற்கும் பெயரையும் எண்ணையும் அரத்தால் தேய்த்துவிடாதீர். அவையே அக்கருவியின் பிறப்புச் சான்று.

மற்றொரு நுட்பமும் அறியத்தக்கது. பழைய ஆங்கிலேய வைஸ்களின் திருகாணிகள் விட்வொர்த் அளவின. அவற்றின் புரிக்கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் புரிகளின் கோணமோ 60 பாகை. ஏறத்தாழப் பொருந்துவதுபோல் தோன்றும் புதிய போல்ட்டை வலிந்து முறுக்கினால் வார்ப்பிலுள்ள புரி பாழாகும்.

பயன்படுத்தும் முறை

வைஸைப் பொருத்தும் உயரத்துக்குப் பழைய விதி ஒன்றுண்டு: நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், தாடையின் மேல்விளிம்பு முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். நிலைத்தாடை மேசை விளிம்புக்குச் சற்றே வெளியே நீண்டிருந்தால்தான், நீண்ட கம்பியைச் செங்குத்தாகத் தரைவரை தொங்கவிட்டுப் பிடிக்க முடியும். சுத்தியலால் அடிக்க நேர்ந்தால் நிலைத்தாடையை நோக்கியே அடிக்க வேண்டும். திருகுக்கு எதிராக அடித்தால் நட் உடையும். கைப்பிடியைக் கையால் மட்டுமே முறுக்குக. பித்தளை, செம்பு முதலிய மென்மையான பொருள்களைப் பிடிக்க, தாடைகளுக்கு அலுமினியத் தகட்டால் உறை செய்து மாட்டினால் தழும்பு விழாது. திருகுக்குக் கிரீஸும் சறுக்கும் பரப்புக்கு மெல்லிய எண்ணெயும் போதும். அரத்தூள் கிரீஸில் ஒட்டிப் புரியைத் தேய்க்குமாதலால், அவ்வப்போது பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது இட வேண்டும்.

இல்லத்தில் இதற்கு வேலையா இல்லை? அரிவாளுக்குப் பிடி போடலாம். தேங்காய்த் துருவியின் பற்களைத் தீட்டலாம். மிதிவண்டியின் பெடலை நேராக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் தாக்கியபோது, கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவும் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய வேளையில் மின்விசைக் கருவிகள் ஊமையாகிவிடும். வைஸும் அரமும் வாளும் மட்டும் கேட்ட வேலையைச் செய்யும்.

நேர்வழியில் வந்ததா?

பழங்கருவிகளைச் சேர்ப்போர் மறவாது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இது எங்கிருந்து வந்தது? பொதுத்துறை நிறுவனங்கள் தம் பழம் பொருள்களை முறைப்படி ஏலத்தில் விடுகின்றன. அவ்வழியில் வெளிவந்ததை ரசீதோடு வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் தொழிற்கூடத்து மேசையிலிருந்து இரவில் கழற்றப்பட்டுச் சாக்கில் வந்த வைஸ், எவ்வளவு மலிவாயினும் நமக்கு வேண்டா. “கம்பெனிப் பொருள்தானே, எவருக்கு இழப்பு?” என்பது பலர் வாயில் வரும் சமாதானம். மறுநாள் காலை அம்மேசையின் முன் வெறுங்கையோடு நிற்கும் தொழிலாளிக்குத்தான் இழப்பு. அவர்மீது சந்தேகம் விழுவதும் உண்டு. நேர்கோட்டில் அராவக் கற்பிக்கும் கருவியைக் கோணல் வழியில் பெறுவது எவ்வாறு தகும்?

சேர்ப்பதற்கும் ஓர் அளவு வேண்டும். அடுக்கி வைத்து அழகு பார்ப்பதற்கு மட்டும் வாங்கினால், அதுவும் ஒருவகைத் துருவே. மேசையில் பொருத்தி, வாரம் ஒருமுறையேனும் கைபட்டால்தான் கருவி உயிரோடிருக்கும்.

ஆகவே, குடியிருப்பைக் காலி செய்யும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தந்தையோ கணவரோ பயன்படுத்திய வைஸைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன், உங்கள் தெருவில் தொழில் பயிலும் பிள்ளை எவரேனும் உண்டா என விசாரியுங்கள். கடைக்காரர் தரும் விலையையே அப்பிள்ளையிடமும் கேட்கலாம். இயன்றால் இனாமாகவும் கொடுக்கலாம். கொடுக்கும்போது அது எவருடையது, எத்தனை ஆண்டுகள் உழைத்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ அதன்முன் நின்று இரும்புத் துண்டு ஒன்றை அராவிக்கொண்டிருந்தால், கைகள் அழுக்காகின்றன என்று கடிந்துகொள்ளாதீர்கள். அந்த அழுக்கு சோப்புக்குப் போய்விடும். கை கற்றுக்கொண்ட நேர்மட்டம் போகாது.